இரண்டு கைகளின் கீழே ஒரு வரி

ஒருவரைக் காட்டும் ஒளிப்படத்தை அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது. நோர்வேச் சட்டத்தில் இது ஒரு வரி. சில விலக்குகளும் உண்டு: படத்துக்குச் செய்திப் பெறுமதி இருந்தால், ஆள் ஊர்வலத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றால், முக்கிய விஷயம் வேறாக இருந்து ஆள் ஓரத்தில் தற்செயலாக விழுந்திருந்தால். என் மனைவியின் இடது கை ஊர்வலத்தில் நிற்கவில்லை. ஓரத்திலும் விழவில்லை. ஒரு சொகுசுப் பயண நிறுவனத்தின் புதிய விளம்பரப் புத்தகத்தில், பளபளப்பான தாளில், ஒரு முழுப் பக்கத்தின் பாதியை அது எடுத்துக்கொண்டிருந்தது.

மற்றப் பாதியில் இன்னொரு கை. இரண்டிலும் விரல்கள் குறைவு. கீழே ஒரு வரி: “இறந்தவர்களுக்காக விரல்களைக் கொடுத்த இரண்டு டானிப் பெண்கள்.” வலப்பக்கத்துக் கை இந்தோனேசியாவின் பப்புவா மலைநாட்டில் வாழும் டானி இனத்து மூதாட்டி ஒருவருடையது. அதில் பிழை இல்லை. இடப்பக்கத்துக் கைக்குச் சொந்தக்காரி ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில், ஏழாம் மாடியில், எனக்கு முன்னால் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

நான் நகரசபையில் முப்பது வருடத்துக்கு மேல் மற்றவர்களின் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதியவன். பதில் தாமதமாகும் என்று அறிவிக்கும் பதிலை எப்படி எழுதுவது என்று புதியவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தவன். ஓய்வுபெற்ற பிறகு இந்த அறிவு வீணாகப் போகிறதே என்று சில காலம் கவலைப்பட்டேன். கவலைப்பட்டிருக்கத் தேவையில்லை.

முதலில் அந்தக் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் கடைசியில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், எங்கள் ஆட்கள் பலரைப் போல நாங்களும் வடக்கே ஒரு கடலோர ஊரில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தோம். இரண்டாவது குளிர்காலத்தில் மீன் வெட்டும் இயந்திரம் அவளுடைய இடது கையில் நடுவிரலிலும் மோதிர விரலிலும் பாதியை எடுத்துக்கொண்டது. விபத்து அறிக்கை அன்றைக்கே எழுதப்பட்டது. படிவங்கள் எல்லாம் சரி. நானே வரி வரியாகப் பார்த்தேன். கோப்பு மூடப்பட்டது.

அதற்குப் பிறகு அந்தக் கையை வெளியில் ஒருவரும் காணவில்லை. குளிரோ வெயிலோ, விரல் நுனி வரை நீளும் கம்பளிச் சட்டை. சேலை கட்டினால் முந்தானைக்குள். கோயிலில் தட்டத்தை வலக்கையால் ஏந்தி, இடக்கையை அடியில் கொடுத்துவிடுவாள். எங்கள் மகளின் கலியாணத்துக்கு இரண்டு படப்பிடிப்பாளர்கள் வந்தார்கள். ஒரு படத்திலும் அந்தக் கை இல்லை.

இப்படிப்பட்டவள் போன வருடம் ஒரு நாள் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“பப்புவாவுக்குப் போவமோ?”

“எங்கை?”

“பப்புவா. அங்கை மலையிலை டானி எண்டு ஒரு சனம் இருக்கு.”

“உமக்கு அவையளை எப்பிடித் தெரியும்?”

“டொக்டரிட்டைக் காத்திருக்கேக்கை ஒரு புத்தகத்திலை பாத்தனான்.”

இத்தனை வருடத்தில் அவள் வாய்திறந்து கேட்ட பயணங்கள் மூன்று. யாழ்ப்பாணம், திருச்செந்தூர், டென்மார்க்கில் இருக்கும் தங்கை வீடு. நாலாவதாகப் பப்புவா வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். கதையில் வைத்தியர் வேறு வருகிறார். ஏதோ பெரிய வருத்தம், கடைசி ஆசை என்று என் புத்தி ஓடியது.

“உமக்கு உடம்புக்கு ஏதுமோ? ஒளிக்காமல் சொல்லும்.”

“கொலஸ்ட்ரோல் கொஞ்சம் கூட. அதுக்கு ஆரும் பப்புவா போறவையோ?”

மகள் உடனே தாயின் பக்கம் சேர்ந்தாள். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குக் கூட்டிக்கொண்டுபோய் எங்கள் இருவருக்கும் மலையேறும் சப்பாத்து வாங்கித் தந்தாள். பயணத்தைத் தெரிவு செய்தவளும் அவள்தான்.

“அப்பா, இது லுக்சுஸ்-டூர். டென்ட்டுக்குள்ளையே பாத்டப் இருக்கு.”

“பன்றி சுடுற இடத்திலை பாத்டப் என்னத்துக்கு?”

“நீங்கள் இப்ப பென்ஷனிஸ்ட். கேள்வி கேக்காமல் போட்டு வாங்கோ.”

நிறுவனத்தின் இணையப் பக்கத்தை அச்செடுத்து வாசித்தேன். ஒரு குழுவில் எட்டு விருந்தினருக்கு மேல் இல்லை. “உண்மையான சந்திப்பு” என்ற சொல் ஒரே பக்கத்தில் ஐந்து இடத்தில் வந்தது. நகரசபையில் ஒரு மனுவில் இப்படி வந்தால், சந்தேகத்துக்குரியது என்று அதைத் தனியாக எடுத்து வைப்போம். ஐந்தையும் பென்சிலால் வட்டமிட்டு, பயணப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஓகஸ்டில் போனோம். மலைநாட்டுக்குள் போவதற்குக் கடற்கரை நகரத்துப் பொலிசில் தனி அனுமதிச் சீட்டு எடுக்கவேண்டும்; அதற்கு இரண்டு படம் வேண்டும். நான் ஆளுக்கு ஆறு கொண்டுபோயிருந்தேன், ஒவ்வொன்றின் பின்னாலும் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் எழுதி. அந்த அதிகாரி இரண்டை எடுத்து, பின்பக்கத்தைப் பார்க்காமலே பசை பூசினார். அங்கிருந்து சிறு விமானத்தில் வமேனா. வமேனாவிலிருந்து பாலியம் பள்ளத்தாக்குக்குள் ஜீப்.

முகாமில் குளியல் தொட்டி இருந்தது, பொய் சொல்லக்கூடாது. வெள்ளைத் துணி விரித்த மேசை, வைன் கிண்ணம், முகம் துடைக்கச் சூடான துவாய். தொட்டிக்கு வெந்நீர் எப்படி வருகிறது என்று முகாம் மேலாளரிடம் விசாரித்தேன். சமூகப் பங்காளிகள் கொண்டுவருகிறார்கள் என்றார். மறுநாள் விடிந்ததும் பார்த்தேன். சமூகப் பங்காளிகள் ஆற்றிலிருந்து தோளில் வாளி சுமந்து ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் தொட்டியில் நான் இறங்கவில்லை. மனைவியும் இறங்கவில்லை. பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஓய்வுபெற்ற பல் வைத்தியர், பேர்கன் நகரத்துக்காரர், காலையிலும் மாலையிலும் இறங்கினார்.

இரண்டாம் நாள் காலை எங்களைப் புல்வெளி ஓரத்தில் கதிரைகளில் இருத்தினார்கள். போர் பார்க்க. இறகு சூடி, உடம்பில் பன்றிக் கொழுப்புப் பூசிய ஆண்கள் இரண்டு அணியாக ஈட்டியோடு ஓடிவந்தார்கள். கத்தினார்கள், பின்வாங்கினார்கள், மறுபடி ஓடிவந்தார்கள். பல் வைத்தியர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நான் விழுந்தவர்களைக் கவனித்தேன். வெயிலில் விழுந்தவர் ஒருவரும் இல்லை. இறந்தவர்கள் அத்தனை பேரும் மரநிழலில் விழுந்திருந்தார்கள்.

எங்கள் வழிகாட்டி வமேனாவைச் சேர்ந்த டானி இளைஞர். முப்பது வயது இருக்கும். உதைபந்தாட்டச் சட்டையும் ஜீன்ஸும் போட்டிருந்தார், நல்ல ஆங்கிலம். அவரை ஓரமாகக் கூப்பிட்டேன்.

“இந்தச் சண்டை எத்தனை மணிக்கு முடியும்?”

“பத்தரைக்கு, சேர். பதினொன்றுக்குப் பன்றி.”

“அப்படியென்றால் இது உண்மையான சண்டை இல்லை.”

“உண்மையான சண்டைக்கு நாங்கள் நேரம் சொல்வதில்லை, சேர். விருந்தாளிகளையும் கூப்பிடுவதில்லை.”

அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த முதல் நேரான பதில் அதுதான். அந்த மகிழ்ச்சியில் அவரிடம் இன்னும் ஏழெட்டுக் கேள்வி கேட்டேன். திரும்பிப் பார்த்தபோது மனைவியின் கதிரை காலி.

அவள் பெண்களோடு இருந்தாள். அங்கே குழி தோண்டி, நெருப்பில் சுட்ட கற்களைப் போட்டு, இலையும் வத்தாளங்கிழங்கும் இறைச்சியும் அடுக்கி மூடி அவிப்பார்கள். கிழங்கைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில், வெறும் நிலத்தில், சப்பணம் கட்டி இருந்தாள். கம்பளிச் சட்டையின் கை இரண்டும் முழங்கை வரை சுருட்டப்பட்டிருந்தன. பக்கத்தில் ஒரு மூதாட்டி, நெற்றியிலிருந்து முதுகுக்குத் தொங்கும் வலைப்பையோடு. அவருடைய இடது கையிலும் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றன. வீட்டில் சாவு விழுந்தால் பெண்ணின் விரலில் ஒரு பகுதியை வெட்டுவது அங்கே பழைய வழக்கம். இப்போது இல்லை. வயதானவர்களின் கைகளில் மட்டும் மிச்சமிருக்கிறது.

இருவரும் கையைக் கைக்குப் பக்கத்தில் வைத்து, காப்பு அளவு பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறுவனத்தின் படப்பிடிப்பாளர் பெண் அவர்களுக்கு முன்னால் முழங்காலில் நின்றாள். அப்போதே நான் சம்மதப் பத்திரம் எங்கே என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. பத்தரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் இதுவும் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறதா என்ற சந்தேகத்தில் அந்த மூதாட்டியையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

வழிகாட்டி வந்து குந்தினார். மூதாட்டி சொன்னதை அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

“உமக்கு ஆர் செத்தது எண்டு கேக்கிறா.”

“ஆரும் சாகேல்லை எண்டு சொல்லுங்கோ. மெசின் வெட்டினது. மீன் ஃபக்டரியிலை.”

பதில் போய், மறுகேள்வி வந்தது. “அது ஆரின்ரை மீன் எண்டு கேக்கிறா.”

“ஃபக்டரிக்காரன்ரை.”

“நீர் சாப்பிட்டனீரோ எண்டு கேக்கிறா.”

“எங்கை சாப்பிட்டது! எல்லாம் கப்பல்லை ஏத்தி வெளிநாட்டுக்கு விட்டவங்கள்.”

மூதாட்டி கொஞ்சம் யோசித்தார். பிறகு திரும்பி, மற்றப் பெண்களுக்கு உரத்த குரலில் ஏதோ சொன்னார். குழியைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். வேறு ஆளின் மீனுக்கு விரலைக் கொடுத்துவிட்டு, ஒரு துண்டும் தின்னாமல் வந்திருக்கிறாளாம். என் மனைவி கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தோள் குலுங்கச் சிரித்தாள், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். மூதாட்டி அவளுடைய மணிக்கட்டை விடவில்லை. தன் விரல்களைத் தொட்டுக் காட்டினார். ஒன்று தம்பிக்கு. ஒன்று பிள்ளைக்கு. பிறகு என் மனைவியின் குறை விரல்களைத் தொட்டு, ஒருவருக்கும் இல்லை என்று சூள் கொட்டினார். குவியலில் பெரிய கிழங்காகப் பார்த்து அவள் மடியில் போட்டார்.

மாலையில் கூடாரத்தில் கேட்டேன்: “இதுக்காகத்தான் வரவேணுமெண்டு நிண்டனீரோ?”

“அந்தப் புத்தகத்திலை ஒரு மனிசி கையை மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தவ. ஒளிக்கேல்லை. அப்பிடி இருக்கிற ஆக்களை ஒருக்காப் பாக்கவேணும் போலை கிடந்தது.”

ஒஸ்லோ விமான நிலையத்தில் பெட்டிகள் வந்து சேருவதற்கு முன்னமே கம்பளிச் சட்டையின் கைகள் கீழே இறங்கிவிட்டன.

ஜனவரியில் அந்த விளம்பரப் புத்தகம் தபாலில் வந்தது. பழைய வாடிக்கையாளருக்கு அன்பளிப்பாம். மனைவிக்குக் காட்டினேன். “என்ரை கை” என்றாள், முகம் மலர்ந்து. பிறகு கீழே இருந்த வரியை வாசித்தாள். கீரையை ஒதுக்கி வைத்தாள்.

“நான் டானியாம்.” புத்தகத்தை மூடிவிட்டு, “கோயில்லை ஆரும் இதைப் பாத்தா?”

அன்று மத்தியானமே இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினேன். சட்டப் பிரிவு, பக்க இலக்கம், பதினாலு நாளுக்குள் படத்தை நீக்கவேண்டும் என்ற கோரிக்கை. ஒரு நிமிடத்துக்குள் தானியங்கிப் பதில் வந்தது: உங்கள் அனுபவத்தைப் பகிர்ந்ததற்கு நன்றி. அதற்குப் பிறகு இருபது நாள் கழித்து அவர்களின் சட்ட ஆலோசகர் எழுதினார். முகம் இல்லாத ஒரு கை ஒருவரை அடையாளம் காட்டாது. அந்தக் கை இன்னாருடையது என்று அவருக்குப் பழக்கமானவர்கள் கண்டுகொள்வார்கள் எனக் காட்டமுடிந்தால், விஷயத்தை மீளப் பரிசீலிப்போம்.

நல்ல பதில். அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன். அதனால்தான் ஆத்திரம் இரண்டு மடங்காக வந்தது. சாட்சிக் கடிதம் மூன்று தேவை என்று கணக்குப் போட்டேன். மகளின் சாட்சி செல்லாது, நெருங்கிய உறவு.

“உம்மடை கையை அடையாளம் காட்டக்கூடிய மூண்டு பேரைச் சொல்லும்.”

“ஆருக்குத் தெரியும்? இத்தனை வருசமா ஒருத்தரும் காணேல்லையே.”

“ஒருத்தரும் காணாமல் ஒளிச்சது நீர்தானே? இப்ப பாரும், கேஸ் அதிலையெல்லோ நிக்குது.”

“நானோ ஒளிச்சது?” அவள் குரல் உயரவில்லை. “விரல் போனதுக்குப் பிறகு ஊருக்கு முதல் அனுப்பின படம் ஞாபகம் இருக்கோ? பனிக்குள்ளை நிண்டு எடுத்தது. ‘கையைப் பின்னுக்கு வையும், அம்மா பாத்தாப் பயந்துபோவா’ எண்டு ஆர் சொன்னது?”

நான்தான். எந்தக் கோப்பிலும் பதியப்படாத ஒன்று என்பதால் வசதியாக மறந்திருந்தேன்.

“அம்மாவும் போய்ச் சேந்திட்டா. இனிக் கையை வெளியிலை எடும் எண்டு நீங்கள் ஒரு நாளும் சொல்லேல்லை.”

தற்காலிக உத்தரவு ஒன்றுக்கு முடிவுத் திகதி போடாமல் விட்டால் என்ன நடக்கும் என்று நான் எத்தனை பேருக்கு வகுப்பெடுத்திருப்பேன். என் வீட்டில் அப்படி ஒன்று முப்பத்தைந்து வருடம் அமுலில் இருந்திருக்கிறது. நிறுவனத்தை, மூதாட்டியை, மேலாளரை, மனைவியின் கொலஸ்ட்ரோலைக்கூடச் சந்தேகப்பட்டவனுக்கு, சந்தேகப்படவேண்டிய ஆள் கண்ணாடியில் தினமும் சவரம் செய்துகொண்டிருந்தது தெரியவில்லை.

“இனி எடும்,” என்றேன். பிந்திய அறிவித்தல்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் மடைப்பள்ளியில் அன்னதானச் சமையல். வழக்கமாக அவள் பெரிய சோற்றுக் கிடாரத்தைக் கிண்டுவாள். அதற்கு வலக்கை போதும். அன்றைக்குக் கம்பளிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பூசணிக்காய் வெட்டுகிற பெண்களுக்கு நடுவில் போய் இருந்தாள். நான் கதிரை அடுக்குகிற சாட்டில் வாசலில் நின்றேன்.

இடது கையால் காயை அமர்த்திப் பிடித்து வெட்டத் தொடங்கினாள். பிறகு ஒரு இளம் பெண் கேட்டாள்: “அக்கா, இது எப்ப?”

“வடக்கிலை இருக்கேக்கை. மீன் ஃபக்டரி. பழசு.”

“ஐயோ, நாங்கள் அக்காவுக்கு எந்த நேரமும் குளிரெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தம்!”

“நான் பெருமையெண்டு நினைச்சனான்,” என்றாள் இன்னொருத்தி. “ஒரு சாமானையும் ரெண்டு கையாலை வாங்கமாட்டா எண்டு.”

மூலையில் இருந்த ஒரு அம்மா கத்தியை வைத்துவிட்டுத் தன் பெருவிரலை நீட்டினார். நகம் இல்லை. “நானும் வடக்கிலைதான் பிள்ளை. எனக்கு நகத்தோடை விட்டிட்டுது. நீர் ஓவர்டைம் செய்திருப்பீர்.”

சிரிப்பு வாசல் வரை கேட்டது. பள்ளத்தாக்கில் கேட்ட அதே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே நான் சாட்சிகளை எண்ணிவிட்டேன். மூன்று பேர் தேவை. ஆறு பேர் இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து சாட்சிக் கடிதங்களின் மாதிரியைத் தயாரித்து மேசையில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

“வேண்டாம். படம் கிடக்கட்டும்.”

“என்ன? வெல்லுற கேஸ் இது!”

“கையிலை பிழை இல்லை. கீழை எழுதினதுதான் பிழை. அந்த மனிசி தம்பிக்கும் பிள்ளைக்கும் குடுத்தவ. நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. ரெண்டையும் ஒண்டாப் போட்டால் அவவுக்கு என்ன மரியாதை? அவவிட்டைக் கேட்டோ போட்டவங்கள்?”

“சட்டப்படி பாத்தால்...”

“நான் எழுதுறன். நீங்கள் விடுங்கோ.”

நோர்வேஜிய மொழியில் ஒன்பது வரி எழுதினாள். சட்டப் பிரிவு ஒன்றும் இல்லை. இடப்பக்கத்துக் கை என்னுடையது. நான் டானி இல்லை. என் விரல்களை உங்கள் நாட்டில் ஒரு மீன் இயந்திரம் எடுத்தது. மற்றப் பெண்ணுடையது வேறு கதை, அதை அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு இரண்டையும் சரியாக எழுதுங்கள். இடது கையால் தாளை அமர்த்திப் பிடித்துக்கொண்டு கையொப்பம் வைத்தாள். எங்கள் வீட்டிலிருந்து என் கையெழுத்து இல்லாமல் வெளியே போன முதல் கடிதம் அது.

பெப்ரவரி போனது. மார்ச்சும் ஏப்ரலும் போயின. பதில் இல்லை. இந்தத் தந்திரம் எனக்குத் தெரியும். எழுதியவர் களைத்துப்போகும் வரை, அல்லது செத்துப்போகும் வரை கோப்பைத் தட்டில் விட்டுவைப்பது. நினைவூட்டல் கடிதம் ஒன்றை எழுதினேன். அவள் அதை மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் கொடுத்தாள்.

“நீர் இவங்களை நம்புறீரோ?”

“இவங்களை இல்லை. அந்த வழிகாட்டிப் பெடியனை. அவன் நேராக் கதைச்சவன்.”

தடித்த கடித உறை ஒன்று வந்தபோது, புதிய விளம்பரப் புத்தகம் என்று நினைத்துப் பழைய கடதாசிகளோடு போடப் பார்த்தேன். அவள்தான் பிடுங்கினாள். நிறுவனம் தாமதத்துக்குக் காரணம் எழுதியிருந்தது. வழிகாட்டி அந்த ஊருக்கு மூன்று தடவை ஏறிப் போயிருக்கிறார். முதல் தடவை மூதாட்டி உறவுக்காரர் வீட்டில். இரண்டாம் தடவை மழையில் பாதை அறுந்துவிட்டது. மூன்றாம் தடவை கண்டு, படத்தைக் காட்டி, என் மனைவி எழுதியதையும் சொல்லியிருக்கிறார். படம் இருக்கலாம் என்றாராம். ஆனால் யாருக்காக என்று எழுதவேண்டும், மீன்காரிக்கு ஒருவரும் இல்லை என்பதையும் எழுதவேண்டும். அந்த மீன்காரி இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறாளா என்றும் கேட்டாராம்.

கூடவே மூதாட்டியின் சம்மதப் பத்திரம், திருத்திய பக்கத்தின் அச்சுப் படி. “வலம்: பாலியம் பள்ளத்தாக்கின் டானிப் பெண். ஒரு விரல் தம்பிக்கு, ஒரு விரல் பிள்ளைக்கு. இடம்: வட நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த பெண். ஒருவருக்கும் இல்லை.”

நான் சம்மதப் பத்திரத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வழிகாட்டியின் கையொப்பம் இருந்தது. அதற்குக் கீழே ஒரு பெருவிரல் அடையாளம், முழு விரலுடையது. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

மனைவி அரைக்கைச் சட்டையோடு இருந்தாள். இடது கையைத் தாளின் மேல் விரித்து வைத்துக்கொண்டு இரண்டாம் முறை வாசித்தாள். “அவவுக்குப் பதில் போடவேணும். நான் இப்ப பென்ஷன், மீனிட்டைப் போறேல்லை எண்டு.”

கடிதத்தில் போட்டிருந்த திகதி மே மாதத்துத் திகதி. நகரசபையில் நாங்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. கையில் கிடைத்த நாள்தான் நாள். பழைய பழக்கத்தில் பேனையை எடுத்து, அவளுடைய விரல்களில் முட்டாமல், வலது மேல் மூலையில் எழுதினேன்: பெறப்பட்டது, ஜூன் 12.